அம்மா தபால் விமானம் ஓட்டிய கடைசிக் கோடை

ஜனவரி 9, செவ்வாய்

நாற்பத்தொரு டிகிரி. நாய்கூடத் தண்ணீர்த் தொட்டியின் நிழலைவிட்டு நகரவில்லை.

அம்மாவுக்குக் கடிதம் வந்துவிட்டது. பிப்ரவரி 27, பிரிஸ்பேன், நேர்முகத் தேர்வு. முப்பத்துநான்கு பேர் உட்காரும் விமானங்கள் ஓட்டும் கம்பெனி. கிடைத்தால் நாங்கள் கடலோரம் டவுன்ஸ்வில்லுக்குப் போக வேண்டும். கிடைக்காவிட்டால்? அம்மாவின் முதலாளி மெர்வ் மாமாவின் தபால் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. இனிமேல் தபால் லாரியில் போகுமாம். அம்மா ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து நாய்களுக்கு லைசென்ஸ் எழுதுவாள். நாற்பத்துமூன்று வயது, பதினாறு வருடம் தபால் விமானம் ஓட்டியவள், நாய் லைசென்ஸ்!

நூலகத்தில் விமானிகளுக்கான கேள்விப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நூற்றுப்பன்னிரண்டு கேள்விகளையும் அட்டைகளில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஜனவரி 12, வெள்ளி

சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இரண்டை அருகருகே போட்டோம். நான் கேப்டன், அம்மா துணை விமானி. பெரிய விமானத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். எதைச் செய்வதானாலும் ஒருவர் மற்றவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புத்தகம் இதை மூன்று இடத்தில் சொல்கிறது. அம்மா வாயே திறக்கவில்லை.

"சத்தமா சொல்லணும்மா."

"யாருகிட்டடி சொல்றது? பதினாறு வருஷமா என் பக்கத்துல தபால் மூட்டைதான் உக்காந்திருக்கு."

"நானும் உக்காந்திருக்கேன்."

"நீயும் மூட்டைதான். கேள்வி கேக்கற மூட்டை."

ரோடு போடும் வேலையிலிருந்து வார இறுதிக்கு வந்திருந்த அப்பா வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "ரோவெனா, கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்லவே உனக்கு நாலு நாள் ஆச்சு. அந்தக் கம்பெனிக்காரங்க பாவம்" என்றார். ஈரத் துண்டு பறந்து போய் அவர் முகத்தில் விழுந்தது.

ஜனவரி 16, செவ்வாய்

விடுமுறையின் கடைசிச் செவ்வாய், தபால் விமானம் போகும் நாள். அம்மாவோடு விமானத்தில் போனேன். ஒன்பது பண்ணைகள். அட்டைகளைக் கொண்டுபோயிருந்தேன்; ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

முதல்முறை போனபோது எனக்கு ஐந்து வயது. ஜன்னல் எட்டவில்லை என்று இரண்டு டெலிபோன் டைரக்டரிகளின் மேல் உட்கார வைத்தாள். தலைக்குப் பெரிதான ஹெட்போன் கழுத்துக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. அன்று பின்னால் ஒரு பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகள். எஞ்சின் சத்தத்தையும் மீறி அவை கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே தபால் மூட்டையின் மேல் இருந்த பண்ணைப் பெயர்களை வைத்துத்தான்.

கடைசிப் பண்ணையில் தெல்மா அத்தை வழக்கம்போல ஜீப்பின் மூக்கில் மேசைவிரிப்பைப் போட்டு, பழ கேக்கும் டீயும் வைத்திருந்தார். "உங்கம்மா பெரிய விமானத்துக்குப் போயிட்டா எனக்குக் கடுதாசி யாரு கொண்டுவருவா? லாரிக்காரனா? அவனுக்கெல்லாம் கேக்கு கிடையாது" என்றார். அம்மா சிரித்தாள். புறப்பட்டதும் அந்தப் பண்ணையின் மேல் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினாள்.

ஜனவரி 22, திங்கள்

பள்ளி தொடங்கிவிட்டது. எட்டாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமைகள் இனி என்னுடையவை அல்ல.

பிப்ரவரி 8, வியாழன்

சண்டை. கேள்வி நாற்பத்தேழு: உங்கள் பலவீனம் என்ன? புத்தகத்தைப் பார்த்து அழகான விடை எழுதித் தந்திருந்தேன். 'எதையும் முழுமையாகச் செய்ய வேண்டும் என்ற என் பிடிவாதமே என் பலவீனம்' என்று. அம்மா அதைப் படிக்கப் படிக்கக் குரல் வேறு யாருடையதோ போல ஆனது. பாதியில் அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"இது நான் இல்லடி, ஹேசல்."

"நீயா இருந்தா வேலை கிடைக்காதும்மா!"

சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அம்மா எழுந்து தேநீர்க் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அது கொதிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன். அவளுக்கு வேலை கிடைக்கணுமா கிடைக்கக்கூடாதா — எனக்கே தெரியல. கிடைச்சா டவுன்ஸ்வில். யாரையும் தெரியாத பள்ளிக்கூடம். கிடைக்கலைன்னா அவ கீழே நின்னு மத்தவங்க விமானத்தை அண்ணாந்து பாப்பா. அதையும் என்னால பாக்க முடியாது.

பிப்ரவரி 26, திங்கள்

அம்மா பிரிஸ்பேனுக்குப் புறப்பட்டாள். கல்யாணத்துக்கு வாங்கிய நீலக் கோட்டு. அட்டைகளை எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 28, புதன்

பள்ளி விட்டு வந்தபோது அம்மா காலணியோடு சோபாவில் படுத்திருந்தாள்.

"எல்லாம் போச்சு" என்றாள். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

கேள்வி பதில் பகுதி நன்றாகத்தான் போயிருக்கிறது. அடுத்தது விமானம் போலவே செய்த பெட்டிக்குள் சோதனை. ஜன்னலுக்குப் பதில் திரை. பக்கத்தில் துணைக்கு ஒரு விமானி, பின்னால் தேர்வு செய்யும் கேப்டன் ப்ரூவர். டவுன்ஸ்வில்லில் புயல், மேற்கே ஒரு சின்ன ஓடுதளத்துக்குத் திருப்பு என்று சொல்லியிருக்கிறார். திருப்பினாளாம். மேகம் விலகியது. திரையில் ஓடுதளம், இரண்டு பக்கமும் சிவப்பு மண்.

"நம்ம மண்ணுடி. அச்சு அசல். கை தானா போயிடுச்சு."

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் நேராக இறங்குவதில்லை. முதலில் ஓடுதளத்தின் மேல் ஐம்பதடி உயரத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பறக்க வேண்டும். மாடோ கங்காருவோ நின்றால் அந்தச் சத்தத்துக்கு விலகிவிடும். அப்புறம்தான் சுற்றி வந்து இறங்குவது. தெல்மா அத்தையின் வெள்ளைக் காளை மட்டும் மூன்று சுற்றுக்கும் அசையாது. நான் மடியிலிருக்கும் புத்தகத்தை மூடிவிட்டு அதைத் திட்டுவேன்.

பிரிஸ்பேனில், மூன்றாவது மாடியில், மின்சாரத்தில் ஓடும் பெட்டிக்குள் அம்மா அதையே செய்திருக்கிறாள். தாழப் பறந்து, ஓடுதளம் முழுவதையும் பார்த்துவிட்டு, மேலே ஏறிவிட்டாள். பக்கத்திலிருந்தவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டாராம்.

கேப்டன் ப்ரூவர், "என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"மாடு நிக்குதான்னு பாத்தேன்."

அப்புறம் சுற்றி வந்து பூப்போல இறக்கினாளாம். ஆனால் அதை யார் பார்த்தார்கள்?

வெளியே காத்திருந்த ஒரு பெண், "ஐயோ அக்கா, காத்து சரியில்ல, அதான் மேல ஏறிட்டேன்னு சொல்லியிருக்கலாமே! அதுக்கு மார்க்கே போடுவாங்க" என்றாளாம்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா என்னிடம். "ஆனா காத்து நல்லாத்தானே இருந்துச்சு."

என் நூற்றுப்பன்னிரண்டில் மாடு பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். "எல்லாம் போச்சு" என்று அவள் சொன்ன நிமிஷத்தில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். ஒரு நொடிதான். ஆனா வந்துச்சே. நான் என்ன பொண்ணு?

மார்ச் 5, செவ்வாய்

ஊராட்சி அலுவலக விண்ணப்பம் மேசைமேல் கிடக்கிறது. அப்பா கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 12, செவ்வாய்

பள்ளி முடிந்து மெர்வ் மாமாவின் கொட்டகைக்குப் போனேன். அம்மா அப்போதுதான் இறங்கி, காலி மூட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. மெர்வ் மாமா எடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

அம்மா, "ஆமாங்க" என்றாள். "சரிங்க." கையிலிருந்த மூட்டையை மறுபடி மடித்தாள். "சரிங்க." வைத்துவிட்டாள்.

"அட, சொல்லித் தொலையேம்மா! எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு" என்று மெர்வ் மாமா கத்தினார்.

"மே மாசம் பயிற்சிக்கு வரச் சொல்றாங்க."

மெர்வ் மாமா தொப்பியைக் கழற்றிக் கொட்டகையின் தகரச் சுவரில் எறிந்தார்.

"மாட்டைப் பத்தி?" என்று நான் கேட்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கேப்டன் ப்ரூவர் சொன்னாங்க, மாடு பாத்தது தப்பில்லையாம். பாக்கப் போறேன்னு பக்கத்துல இருக்கறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாததுதான் தப்பாம். பொய் சொல்றவங்களைத் திருத்த முடியாது, பேசாதவங்களைப் பேச வெச்சிடலாம்னாங்க." பிறகு என் பள்ளிப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீ தலைபாடா அடிச்சுக்கிட்டே, கேட்டேனா?"

வீடுவரை காரை ஓட்டியபடி பேசிக்கொண்டே வந்தாள். "இப்ப இடது பக்கம் திரும்பறேன். இப்ப பிரேக் போடறேன்." நான் சிரித்தேன். அழவும் செய்தேன். இரண்டும் பொய்யில்லை.

மார்ச் 26, செவ்வாய்

கடைசி ஓட்டம். தலைமையாசிரியை எனக்கு விடுப்பு கொடுத்தார். ஒன்பது ஓடுதளங்களிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். எங்கள் கையில் தபாலைவிட அதிகம் கேக். இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

செப்டம்பர் 17, செவ்வாய்

பள்ளி விடுமுறை. ஊழியர் குடும்பத்துக்கான டிக்கெட்டில் டவுன்ஸ்வில்லிலிருந்து மேற்கே, அப்பாவைப் பார்க்கப் போகிறேன். அவருடைய ரோடு வேலை இன்னும் முடியவில்லை. இதை விமானத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒன்பதாவது வரிசை, ஜன்னல்.

ஏறும்போது முன்னால் அந்தக் கதவு திறந்திருந்தது. வெள்ளைச் சட்டைத் தோளில் துணை விமானிக்கான இரண்டு பட்டைகளோடு அம்மா கேப்டனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இருபதாயிரம் அடியிலிருந்து பண்ணைகள் தெரிவதில்லை. சிவப்பு மட்டும் தெரிகிறது. இதுவே பழைய தபால் விமானமாக இருந்திருந்தால் அம்மா கையை நீட்டி, "அதோ பாரு, தெல்மா வீட்டுத் துணிக்கொடி" என்று காட்டியிருப்பாள்.

பக்கத்து இருக்கை அம்மாள் நான் ஜன்னலில் நெற்றியை ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முதல் தடவையா பறக்கிறியா கண்ணு?"

கொஞ்சம் யோசித்தேன். அம்மா பக்கத்தில் இல்லாமல் இதுதான் முதல் தடவை.

"ஆமாங்க" என்றேன்.

அவர் பையைத் துழாவி ஒரு புதினா மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். காது அடைக்காமல் இருக்க, இறங்கும்வரை சப்பிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வாயில் போட்டுக்கொண்டேன்.