உன் தலையில் செய்த சத்தியம்

ராஜா அண்ணாமலைபுரம்,
ஆவணி 10

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், கனடாவில் நீயும் மாப்பிள்ளை மகேஷும் நலமாயிருக்க முருகன் துணை. நலம் என்று எழுதிவிட்டேன், அதில் பாதிதான் உண்மை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் அவள் அனுப்பும் வடகப் பெட்டியில் இதை ஒளித்து வைக்கிறேன்.

என் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறதாம், வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. பயப்படாதே. இப்போதே நாள் குறித்து ஆபரேஷன் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள், வெடித்துவிட்டால் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலையே பார்ப்பதில்லை என்றார் டாக்டர். ஜவுளிக்கடைக்காரன் புத்தி, ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டேன். எழுபது பேர் என்றவர், சிகரெட்டை விடாதவர்களுக்கு அதுவும் குறையும் என்று என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "அவுக அத விட்டு பன்னெண்டு வருசமாச்சு டாக்டர், மக தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காக" என்று பெருமையாகச் சொன்னாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

விடவில்லை பாப்பா. நீ இன்ஜினியரிங் சேர்ந்த வருடம் உன் தலையில் கை வைத்தேன், நாலே மாதத்தில் மறுபடி ஆரம்பித்தேன். காலை நடை என்று கிளம்பி ஆழ்வார்பேட்டை டீக்கடையில் இரண்டு, தி.நகரில் நம் கடைக்குப் பின்னால் மூன்று, வீட்டுக்கு வரும்போது வாயில் ஏலக்காய். போன தை மாதம் பனியில் வழுக்கி உன் கை முறிந்ததே, பனிக்கும் அப்பா சத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் செய்தி கேட்ட அன்றைக்கும் பிடித்தேன், அதை எழுதத்தான் கூசுகிறது.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மயக்கமருந்து கொடுப்பவருக்கு இது தெரிந்தே ஆகவேண்டும் என்று சொல்லி ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளி வைத்தார். இன்றோடு ஒன்பது நாள் தொடவில்லை. இந்தத் தடவை யார் தலையிலும் சத்தியம் செய்யவில்லை. அம்மாவிடம் ஆபரேஷனுக்கு முன்னால் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

கை வலித்தால் பாரம் தூக்காதே, வெயில் வந்தால் வடகத்தை ஒருமுறை காயவை. ஆபரேஷனுக்கு வருவாய் என்று தெரியும். வந்ததும் காலில் விழுவாய், தலையைத் தொட்டுத்தான் ஆசி சொல்லவேண்டும். இந்தக் கையை எப்படி வைப்பேன்? நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாயிருக்கவேண்டும் என்று இப்போதைக்கு எட்ட இருந்தே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
வெள்ளைச்சாமி