அறுத்த கை

சனிக்கிழமை, இரவு.

தூக்கம் வரவில்லை. அந்த நாற்காலியைப் போன மாதம் மட்டாஞ்சேரியிலேயே ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். நல்ல தேக்கு. இடது கையை மட்டும் யாரோ அறுத்திருந்தார்கள். எந்த மடையன் செய்த வேலை என்று திட்டிக்கொண்டே, பஜார் ரோட்டில் இடித்த சுக்குக் கிடங்கின் ஜன்னல் சட்டத்தில் மிச்சமிருந்த துண்டைச் செதுக்கிப் புதுக் கை ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை. பெருமையோடு பட்டறை வாசலில் விற்பனைக்கு வைத்தேன்.

இன்று மதியம் ஒரு பெண் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இது எங்க உம்மாவோட கசேர, சேட்டா. அவங்க மௌத்தானதும் தம்பி பழைய சாமான் கடைக்குத் தூக்கிக் கொடுத்துட்டான். இந்தக் கையை நான்தான் அறுத்தேன். கட்டில்லேர்ந்து உம்மாவை அப்படியே நகர்த்தி உட்கார வைக்கணுமே.”

நான் ரம்பத்தை எடுத்தேன். ஒட்டிய கையை அறுத்தெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மிஞ்சிய முனையை அவள் கட்டைவிரலால் தடவினாள்.

“இந்த இடம் வழவழன்னு இருக்கும். ரெண்டு வருஷமா உம்மா இதைத்தான் பிடிச்சுக்குவாங்க.”

பசை பிடிப்பதற்காக உப்புத்தாள் போட்டு அந்த வழவழப்பை எடுத்தவன் நான். இடம் தவறிவிட்டதோ என்று நினைத்து, அவள் அந்த முனையைச் சுற்றி இன்னும் கொஞ்ச நேரம் தடவித் தேடினாள்.