அருவிக்கு எதிர் நாற்காலி

என் செல்ல மகளே,

நீ எடுத்த அருவிப் படத்தை ஆஸ்பத்திரியில் நான் காத்திருந்த நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் கதவு உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். நான் எதற்குப் போனேன் என்பது இருக்கட்டும். சும்மா ஒரு பரிசோதனை. இன்னும் சில தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது. நுரையும் பாறையும் இவ்வளவு தெளிவா ஒரே படத்துல விழாது" என்றார்.

எனக்குப் பொறுக்குமா?

"நுரை வெளுத்துப் போகாம ஒண்ணு, பாறை இருண்டு போகாம ஒண்ணு, நடுவுல ஒண்ணு. கேமராவை அசைக்காம மூணு எடுத்து ஒண்ணா சேர்த்தது. எச்டிஆர்னு பேரு. முழங்கால் தண்ணியில நின்னு எடுத்தா, எம் பொண்ணு!"

அந்த வரிசையே எழுந்து படத்தருகே போய்விட்டது. நர்ஸ் என்னைக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

உள்ளே டாக்டர், "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார்.

"எம் பொண்ணு வந்திருக்கா டாக்டர். வெளிய சுவத்துல இருக்கா."

அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, என்னோடு வெளியே வந்து நின்று பார்த்தார்.

நீ பதறிக்கொண்டு ஓடி வராதே. தண்ணீர் வற்றுவதற்குள் அடுத்த அருவியை எடுத்துவிடு. பெரிதாகவே எடு, டாக்டர் அறையிலும் ஒரு சுவர் காலியாக இருக்கிறது.

உன் அம்மா