நன்றி வரியில் உன் பெயர்

இன்று காலை ஒரு தாய் தன் மூன்று வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி கிளினிக்குக்கு வந்தாள். ஸ்டெத் வைத்துக் கேட்கக் குனிந்தபோது குழந்தையின் தலைமுடியில் இரும்புத்தூள் வாடை. உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும். நீ போய் நாலு வருடமாகிறது. கோபம் மட்டும் போகவில்லை.

நாம் ஒன்றாகப் படித்தவர்கள். நீ திருவள்ளூரில், நான் இங்கே, இருவருக்கும் குழந்தை வைத்தியம்தான். ஒருநாள் போனில் சொன்னாய்: "உங்க பக்கத்துப் பசங்க மூணு பேர் எங்கிட்ட வந்தாங்கடி. எல்லாருக்கும் ஒரே மாதிரி மூச்சு இழுப்பு. அப்பாங்க எல்லாம் இரும்புப் பட்டறை." அந்த மூவரில் ஒரு பிள்ளையின் தாய், ஆரம்பாக்கத்துக்காரி, உன்னிடம் சொல்லியிருந்தாள்: "அவரு வேலை சட்டைய ஊட்டுக்குள்ளதான் ஒதறுவாரு டாக்டர். புள்ள அங்கியேதான் ஆடிக்கினு கீது."

அவள் சொன்னதை நீ ஒரு கேள்வியாக்கினாய். "வேலைச் சட்டையை எங்கே உதறுகிறீர்கள்?" அதை நடுவில் வைத்து ஒரே பக்கத்தில் படிவம் தயாரித்தாய். இதை ஆராய்ச்சியாகச் செய்ய ஒரு மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்; தனியாகக் கிளினிக் நடத்துகிற நமக்கு அது எப்படிக் கிடைக்கும் என்று தெரியவில்லை. சென்னையில் ஒரு பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தோம். "நீங்க கேஸ் அனுப்புங்க. அனுமதி, எழுத்து எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். நாம் நம்பினோம். எதையும் எழுதி வாங்கவில்லை.

இரண்டு வருடம், இருமுகிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். ஒரு மருத்துவ இதழில் அவர்கள் எழுதிய கட்டுரை வந்தது. எழுதியவர்களாக ஐந்து பெயர்கள், அதில் இரண்டு பேர் அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. நாம் கடைசிப் பக்கத்தில், தகவல் சேகரிக்க உதவியதற்காக நன்றி என்ற வரியில் இருந்தோம். உன் கேள்வியை அவர்களே கண்டுபிடித்ததுபோல் எழுதியிருந்தார்கள்.

நான் அந்தப் பெரிய டாக்டரிடம் நேரில் போய்க் கேட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "நீங்க பிராக்டீஸ் பண்றவங்கதானே மேடம்? பேப்பர் எதுக்கு? புரமோஷனா வரப்போகுது?"

திரும்பி வந்து உன்னிடம் கத்தினேன். நீ சிரித்தாய். "விடுடி. புள்ளைங்களுக்கு நல்லது நடந்தா சரி." அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அப்போதே வயிற்றில் கட்டியை வைத்துக்கொண்டு என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்தாய். நாலே மாதம். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாய், உன் உயிரையும்கூட.

நான் விடவில்லை. நம்மைப்போல கிளினிக் நடத்தும் ஆறு பேரைச் சேர்த்தேன். முதல் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதினோம்: யார் கேஸ் பார்ப்பது, யார் கணக்கிடுவது, யார் எழுதுவது, யார் பெயர் எங்கே. வேறொரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழு எங்கள் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறை ஒப்புக்கொண்டது. இந்த முறை சட்டையை வெளியே உதறச் சொல்லி, பிறகு இழுப்பு குறைகிறதா என்று பார்த்தோம். பல பிள்ளைகளுக்குக் குறைந்தது.

கட்டுரையில் உன் பெயரை முதலில் போட்டேன். இறந்தவர் கடைசி வடிவத்தைப் படித்து ஒப்புதல் தர முடியாதே என்றார் இதழாசிரியர். "அந்தக் கேள்வி அவளுடையது, படிவம் அவளுடையது" என்று மூன்று கடிதம் எழுதினேன். உனக்குப் பதிலாக உன் கணவர் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், போடும்போது அழுதார். நான் அழவில்லை, எரிந்துகொண்டிருந்தேன். உன் பெயர் முதலாவதாகவே வந்தது, பக்கத்தில் இறந்தவர் என்று காட்டும் ஒரு சின்னச் சிலுவைக் குறியோடு. அதைப் பார்த்தும் மனம் ஆறவில்லை. நீ படிக்காத கட்டுரை அது.

இப்போதும் யாராவது ஆராய்ச்சியில் சேரக் கூப்பிட்டால் முதலில் கேட்கிறேன்: "எங்க பேரு எங்க வரும்? எழுதிக் குடுங்க." அந்தம்மாவுக்குத் திமிர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.