இரும்புக்கு ஒரு மைக்

1996

ஜனவரி 20, சனி

பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பொங்கல் கலைநிகழ்ச்சி. அறிவிப்பாளர் "பாச்சாங் பாய்ஸ் வழங்கும்" என்று முழங்கிவிட்டுத் திரும்பினார். பேஸ் கித்தாரோடு நான் நிற்பதைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. "பாய்ஸ்… அண்ட் சிஸ்டர்" என்று சமாளித்தார். கூட்டம் சிரித்தது. முதல் பாட்டு பாதி போவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது.

நன்றாக வாசித்தேன். என் சொந்த நோட்டில் எதற்கு அடக்கம்?

மூன்றாவது பாட்டில் என் ஸ்பீக்கர் செத்தது. பலகை வாங்கி நானே அடித்த பெட்டி அது. உள்ளே ஒயர் கழன்றிருந்தது. டிரம்ஸ் பிரவின் ஒருவனாகவே பாட்டை இழுத்துக்கொண்டு போனான். நான் மண்டிபோட்டு, ஒயரைப் பல்லால் சீவி, முறுக்கிச் சொருகினேன். கடைசிப் பல்லவிக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

கீபோர்டு வாசிக்கும் காளி அண்ணன்தான் எங்கள் பாட்டுக்குழுவின் தலைவர். பகலில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். "ஒனக்குப் பயமே இல்லியா லா?" என்றார்.

"எதுக்குண்ணே பயம்? ஒயருக்கா?"

பிப்ரவரி 11, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். உம்பாயிலிருந்து. பெயர் காந்தன், முப்பத்தொரு வயது, சொந்தமாக வெல்டிங் பட்டறை, ஒரு வேன். அம்மாவுக்கு வேனிலிருந்தே பிடித்துவிட்டது.

அம்மா என்னை "காப்புறுதி ஆபீஸ்ல டைப்பிஸ்ட்" என்று மட்டும் சொன்னார். மீதியை நானே சொன்னேன். மாலை நேரத்தில் மேடையில் வாசிப்பேன், கல்யாணத்துக்கு அப்புறமும் வாசிப்பேன், இது பிடிக்காதவர்கள் இப்போதே சொல்லிவிடலாம் என்று. அம்மாவின் பார்வையில் பலகாரத் தட்டே கருகியிருக்கும்.

காந்தன் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கும் பாட்டுன்னா உயிருங்க. நானும் பாடுவேன்."

இவ்வளவு சுலபமாகவா?

மார்ச் 4, திங்கள்

மாசி மகம். லீவு போட்டுவிட்டு செங் சன்னாசிமலைக்குப் போனேன். எனக்கு அது சாமி கும்பிடும் இடம், கூடவே காது நிறைக்கும் இடம். ஐந்து உருமிகள் ஒன்றாக உறுமும்போது விலா எலும்பு அதிர்கிறது. அதற்காக வேண்டுமென்றே மேளத்துக்குப் பக்கத்தில் நடந்தேன்.

காந்தன் நண்பரின் காவடிக்குப் பாடிக்கொண்டு வந்தார். கண்களை மூடி, நெஞ்சு நிறைய, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

முருகா. சுருதி மலை உச்சியில், இவர் அடிவாரத்தில். இரண்டும் சந்திக்கவேயில்லை.

சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். "எப்படி இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். வியர்வையோடு, குழந்தை மாதிரி.

"கூட்டம் அதிகம்" என்றேன்.

மார்ச் 6

கோழை.

ஏப்ரல் 14, ஞாயிறு

நல்ல நாளும் அதுவுமாக இரண்டு பேரை இழந்துவிட்டேன் போலிருக்கிறது.

போன வாரம் காளி அண்ணன் சொன்னார், மே மாதம் உம்பாயில் நம் குழு வாசிக்க ஒரு கல்யாண விருந்து, அதில் காந்தன் ஒரு பாட்டுப் பாடுகிறாராம். பதிலுக்கு அவருடைய வேன் இனி எல்லா நிகழ்ச்சிக்கும் வரும். இவர்களே பேசி முடித்துவிட்டார்கள். இத்தனை நாளாக ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு போகிறோம். வேன் வேண்டும்தான்.

"அண்ணே, அவர் பாடுறத கேட்டிருக்கீங்களா?"

"கேட்டேன். ஒரு பாட்டுதான லா. கல்யாண வீட்ல எவன் கேக்கிறான்?"

நான் கேட்பேனே. அவர் பின்னால் நின்று வாசிக்கப்போவது நான். விருந்தாளிகள் வாய்க்குள் சிரிப்பார்கள், அவர் கைதட்டலுக்குக் கும்பிடு போடுவார், நான் எல்லாம் தெரிந்தும் நிற்பேன். அப்புறம் அந்த மனிதனோடு குடும்பம் நடத்துவேனா?

அதனால் இன்று உம்பாய்க்குப் போய், கடற்கரை மீன் கடையில் அவரை உட்கார வைத்துச் சொன்னேன். சுட்ட மீன் ஆறிக்கொண்டிருந்தது.

"நீங்க பாடுனா சுருதியில நிக்க மாட்டேங்குது. ஒரு இடத்துல இல்ல, எங்கயுமே. அந்த விருந்துல பாட வேணாம்."

மீன் தட்டைப் பக்கமாகத் தள்ளிவைத்தார். "பள்ளிக்கூடத்திலேருந்து பாடுறேன். யாருமே சொன்னதில்ல."

"நான் சொல்றேன்."

எழுந்து போய்விட்டார். காசைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இனி வேனும் வராது, காளி அண்ணன் என்னை விடுவாரா?

ஏப்ரல் 21

வேன் கிடையாது. காந்தன் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். காளி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார். "ஒரு பாட்டு! நாலு நிமிசம்! ஒன்னால பொறுத்துக்க முடியல! இனிமே பேஸ நான் கீபோர்ட்லயே பாத்துக்கிறேன். நீ வர வேணாம்."

இந்த வருஷம் எத்தனையோ மேடை என்று நினைத்திருந்தேன்.

அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "ஒன் வாய கொஞ்சம் மூடியிருந்தா மாப்பிள்ளையும் இருந்திருப்பாரு, ஒன் பாட்டும் இருந்திருக்கும்."

தட்டைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். நான் சொன்னது தப்பா? தப்பில்ல. தப்பே இல்ல. அப்புறம் ஏன் அழுவுற, கழுத?

மே 18

இன்று அந்தக் கல்யாண விருந்து. வீட்டில் தனியாக பேஸ் வாசித்தேன். பக்கத்து வீட்டு நாய் மட்டும் கேட்டது.

ஜூன் 29, சனி

உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பில் சான் பெட்ரோ திருநாள். ஒவ்வொரு வருஷமும் போவேன். மீனவப் படகுகளுக்கு வண்ணம் பூசிப் பூக்கட்டியிருந்தார்கள். பிடில், கித்தார், ரெபானா மேளம் மூன்றையும் வைத்துக்கொண்டு ஊரையே ஆட வைக்கிறார்கள். பிரவின் என்னோடு வந்தான். நான் போனதிலிருந்து குழுவில் கீழ்ச்சத்தம் காலியாக இருக்கிறதாம், நாற்காலி இல்லாத வீடு மாதிரி. காதுக்கு இனிமையாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் கம்பி ஒன்று விட்டுப்போய், அதை ஒட்டவைக்க ஒருவர் குனிந்திருந்தார். முகமூடியைத் தூக்கினால், காந்தன்.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம். ஓடவில்லை. அவரே பேசினார்.

"எங்க அக்காகிட்ட கேட்டேன். கோயில் ஆளுங்ககிட்ட கேட்டேன். பட்டறைப் பையன்கிட்டகூட. எல்லாரும் ஒரே மாதிரி தலையக் குனியுறாங்க. அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே கைதட்டியிருக்காங்க, இத்தன வருசமா." முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "பாட வராததுகூட வலிக்கல. அதுதான் வலிச்சுச்சு."

"எனக்குப் பொய்யாக் கைதட்ட வராது" என்றேன்.

"தெரியும். அதனாலதான் நின்னு பேசுறேன்."

பிறகு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கையிலிருந்த சின்னச் சுத்தியல் தன்பாட்டுக்கு மேடையின் இரும்புக் காலில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பாட்டு முழுக்கக் கவனித்தேன். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. வாத்தியக்காரர்கள் வேகம் கூட்டியபோது இவர் சுத்தியலும் கூட்டியது, பார்க்காமலே.

அவருக்கு அது தெரியவேயில்லை!

ஜூலை 14, ஞாயிறு

உம்பாயில் காந்தன் பட்டறை. அவர் சுத்தியலின் தாளத்தை அவரிடமே சொல்லி, நானே கிளம்பிப் போனேன். காலை முழுவதும் இரும்பைத் தட்டினோம்.

பழைய காஸ் சிலிண்டர்த் தோம்பு ஒன்றை வெட்டிக் கவிழ்த்தால் கோயில் மணியின் முரட்டுத் தம்பி மாதிரி ஒரு சத்தம். படகு இஞ்சின் தகடு இருமுகிறது. கிரில் கம்பிகளை நீள வாரியாகத் தொங்கவிட்டுக் கோலால் இழுத்தால் மழை.

அலாரம் கடிகாரத்துக்குள் ஒரு மெல்லிய பித்தளை வட்டம் இருக்கும், ஒலி எழுப்புவதற்கு. அதில் ஒயர் பற்றவைத்து, தகட்டில் டேப் போட்டு ஒட்டி, என் ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினேன். இப்போது அது மைக். காந்தன் விரல் நகத்தால் தகட்டைத் தொட்டார்.

பட்டறைக் கூரையிலிருந்து துரு கொட்டியது.

இருவரும் கத்திவிட்டோம். பயத்தில் அல்ல. எதிர்வீட்டு மலாய்க்கார அத்தை, மாக்சிக் ரொக்கியா, வாசலுக்கு ஓடிவந்து, "அப்பா பூஞி நீ? லோரி ஜாத்துகா?" என்று மலாயில் கேட்டார், என்ன சத்தம் இது என்று. லாரி ஏதும் கவிழவில்லை மாக்சிக், வாசிக்கிறோம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

நான் பேஸ் எடுத்தேன். காந்தன் தாளம். மதியச் சாப்பாடு மறந்துபோனது.

அம்மாவிடம் எங்கே போனேன் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே குழம்பைச் சூடு பண்ணினார்.

ஆகஸ்ட் 31, சனி

புக்கிட் காத்தில் பொது மண்டபம், சுதந்திர தின நிகழ்ச்சி. குடியிருப்புச் சங்கத்தில் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கியிருந்தேன். இரண்டு நிமிடம்தான் வாசித்தோம்.

மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். என் தப்பு. காந்தன் தோம்பைத் தட்டியதும் ஊளை கிளம்பி நிற்கவேயில்லை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வீரிட்டார்கள். சங்கத் தலைவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். இருட்டில் யாரோ, "பழைய இரும்பு ஈயம்!" என்று கூவ, மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் அம்மா.

வேனில் சாமான் ஏற்றும்போது காந்தன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவ யாரும் பொய்யாக் கைதட்டல, பவா."

முதல் தடவையாக 'பவா'.

அம்மா வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "தலைவலி. ஆனா அந்தப் பையன் ஒன்ன விட்டுட்டு ஓடல. பாத்தேன்."

செப்டம்பர் 8

சரிசெய்துவிட்டேன். ஸ்பீக்கர் முன்னால், மைக் பின்னால், நடுவில் பழைய மெத்தை. ஊளை போயே போச்சு. இதைப் போய் அன்றைக்கு யோசிக்காமல்!

அக்டோபர் 13, ஞாயிறு

பட்டறைக்குப் பிரவின் வந்தான். ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து கேட்டான். பிறகு மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த தன் டிரம்ஸை இறக்கிவைத்தான். கேட்காமலே கொண்டுவந்திருக்கிறான், திருடன்.

திரும்பும் வழியில் காந்தனிடம் நானே கேட்டேன், கல்யாணப் பேச்சை மறுபடி எடுக்கலாமா என்று. வேனை ஓரம் கட்டினார். "நா வெல்டிங்காரன். ஒட்டிட்டேன்னா ஒட்டிட்டேன்" என்றார். பாட்டு எழுதவும் வராது போல. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நவம்பர் 16, சனி

பாச்சாங் திடலில் தீபாவளி விருந்து நிகழ்ச்சி. பாச்சாங் பாய்ஸுக்கு ஒரு மணி நேரம். எங்களுக்கு நடுவில் பதினைந்து நிமிடம்.

எங்கள் சாமானைப் பார்த்ததுமே புக்கிட் காத்தில் ஆட்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் மெல்லத் தொடங்கினேன், ஒரே ஒரு கம்பியில். பிறகு பிரவின். காந்தன் கிரில் கம்பிகளில் மழையை இழுத்தார். கைகள் ஒவ்வொன்றாகக் காதிலிருந்து இறங்குவதை மேடையிலிருந்து பார்த்தேன்.

நான்காவது நிமிடம் தோம்பு. அந்த ஒரு அடி திடலைத் தாண்டிப் பெரிய சாலை வரை போயிருக்கும். பின்னாலிருந்த இளைஞர்கள் நாற்காலிகளைத் தாண்டி முன்னால் ஓடிவந்தார்கள். காந்தன் அவர்களைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். நான் வேகம் கூட்டினேன். கூடவே வந்தார். எங்கு போனாலும் வந்தார். பதினைந்து நிமிடம் முடிந்தும் யாரும் சுவிட்சை அணைக்கவில்லை.

கைதட்டல் வந்தபோது அவர் நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நிஜமா என்பது போல. என் முகத்தில் பதில் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் கும்பிட்டார்.

காளி அண்ணன் மேடைப் படியில் காத்திருந்தார். "அடுத்த மாசம் ஜாசின்ல ஒரு ஷோ. நீங்க ரெண்டு பேரும் வாங்க லா."

"வரோம்ணே. எங்க பேரத் தனியாப் போடுங்க."

"என்ன பேரு?"

இன்னும் வைக்கவில்லை. "வெக்கிறோம்" என்றேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

கல்யாணம் முடிந்த பிறகு அம்மா இன்று முதல்முறையாக உம்பாய் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளைக்கு முறுக்கு, எனக்கு அறிவுரை. அடுப்பை இடம் மாற்றச் சொன்னார். பட்டறையில் நாங்கள் பயிற்சி எடுத்தபோது வாசல் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்.

நடுவில் மாக்சிக் ரொக்கியா வேலியைத் தாண்டி வந்துவிட்டார். சத்தம் தாங்காமல் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து ஸ்பீக்கரை அணைத்தேன். சண்டை இல்லை. நோன்புப் பெருநாள் முடிந்து அவர் மகனுக்குக் கல்யாணமாம். எங்கள் இரும்புச் சத்தம்தான் வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறானாம். மலாய்க் கல்யாணங்களின் ஆட்டப்பாட்டான ஜோகெட் வாசிக்க வருமா என்று கேட்டார்.

நானும் காந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜோகெட்டா? அதற்குள் அம்மா கீரைத் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"போலே, போலே, காக்" என்றார். "மெனாந்து சாயா பாண்டாய்."

வருமாம், மருமகன் கெட்டிக்காரராம். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தேதியக் கேட்டு எழுதுங்க" என்றார்.