கோபுரத்துக்கு வலப்பக்கம் ஒற்றைப்பனை

2 பிப்., திங்கள்

காலையில் பனி. மூட்டு வலி பரவாயில்லை.

அண்ணனைத் தினம் அரை மணி நடக்கும்படி டாக்டர் சொன்னது இரண்டு மாதம் முன்பு. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு படகுக்குப் போகக் கூடாது. அதிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். காசிமேட்டில் நடக்க மாட்டாராம். "வல இஸ்த்த சூசை வாக்கிங் போறான்னு சிரிப்பானுங்க." வறட்டுக் கௌரவம். இப்படியே உட்கார்ந்தால் இந்த வருஷம் தாண்டுவாரா என்று பயம். யாரிடமும் சொல்லவில்லை.

சரி, தெரிந்தவர் இல்லாத ஊருக்கே போவோம் என்று மீஞ்சூருக்கு ரயில். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கிழக்கே. ஸ்கூல் ஆபீஸில் என்னோடு இருந்த வசந்தாவின் ஊர், ரொம்பப் பழைய கோயில். அறுத்த வயல், குளம், கல்மண்டபத்தில் ஆடுகள். பத்து நிமிஷம் நடந்து அண்ணன் உட்கார்ந்துவிட்டார். திடீரென்று, "பாப்பா, இது நம்ம கோபுரம்!"

அப்பா வலை போட வைத்திருந்த அடையாளம். படகிலிருந்து பார்த்தால் ஒரு கோபுரம், அதற்கு வலப்பக்கம் ஒற்றைப்பனை. அப்படித் தெரிகிற இடத்தில் அடியில் பாறை கிடையாது. ஐம்பது வருஷம் கடலிலிருந்தே பார்த்த கோபுரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். எனக்கு அப்பாவின் ஈரக் கைலி வாசனை வந்தது. அழுகையும்.

3 பிப்., செவ்வாய்

வாங்க: பி.பி. மாத்திரை, தே. எண்ணெய், அண்ணனுக்கு வேறு செருப்பு.

இன்று அவரே முதலில் கிளம்பி நின்றார். பனையைப் பார்க்க வேண்டுமாம். ஆடு மேய்த்த அம்மாவிடம் விசாரணை.

"ஒத்தப்பனை எங்கமா கீது?"

"பனை நெறய கீது. எத்த கேக்கற?"

"கடல்லேர்ந்து பாத்தா கோபுரத்துக்கு வலது கையாண்ட நிக்கும்."

"கடல்லேர்ந்து பாக்க நான் இன்னா மீனா?"

அண்ணன் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் சிரிப்பு. பனை கிடைக்கவில்லை. ஆனால் நாற்பது நிமிஷம் நடந்தார். நான் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவார்.

ரயிலில் அருளப்பன் ஞாபகம். அண்ணனோடு ஒரே படகு, அண்ணனுக்கு உயிர். எனக்கென்று தனியாக நண்டு எடுத்து வைப்பார். இருபது வருஷம் முன்பு ஒரு விடியற்காலை, "ரெண்டு பனை தெரியுது, எடம் தப்பிட்டோம், வல போடாத" என்றாராம். அப்பா ஒன்று என்று சொன்னால் ஒன்றுதான், அண்ணனுக்கு. போட்டார். பாறையில் மாட்டி வலை கிழிந்தது. கரைக்கு வந்து அண்ணன் எல்லாரிடமும், "குட்ச்சிட்டு வந்தான், ரெண்டா தெரிஞ்சிது" என்றுவிட்டார். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு குடியை விட்ட மனுஷர் அருளப்பன். அன்றோடு பேச்சு இல்லை. ஒரே மாதா கோயில், ஒரே பூசை, முகம் திருப்பல்.

5 பிப்., வியாழன்

வெயில். குளத்துக்கு வடக்கே வரப்பில் போனோம். பனை இருந்தது.

இரண்டு. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, நடுவில் ஒரு வயல் தூரம். கடலிலிருந்து நேராகப் பார்த்தால் முன்னது பின்னதை மறைக்கும், ஒன்றுதான் தெரியும். படகு கொஞ்சம் வடக்கே ஒதுங்கினால் இரண்டு. எனக்கே புரிந்தது, அண்ணனுக்குப் புரியாதா? முன்மரத்தில் கை வைத்துப் பின்மரத்தைப் பார்த்தார்.

"அருளப்பன்கிட்ட சொல்லுண்ணா."

"இன்னாத்த சொல்றது? வா, ரயிலுக்கு நேரமாவுது."

7 பிப்., சனி

நேற்றும் இன்றும் நடக்கவில்லை. மறுபடி சுவர். சோறு பாதி. கத்திவிட்டேன்: "மரம் ரெண்டுன்னு சொல்றதுக்கு வாய் வலிக்குதா?" கத்தியிருக்க வேண்டாம்.

மாத்திரை வாங்கியாச்சு. எண்ணெய் மறந்துவிட்டது.

8 பிப்., ஞாயிறு

பூசை. அருளப்பன் வழக்கம்போலக் கடைசி வரிசை, தூண் ஓரம். அவருக்கு இரண்டு வரிசை முன்னால் நான். அண்ணன் முன்னால் எங்கேயோ.

சமாதானம் சொல்லும் நேரம். எல்லாரும் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கூப்புகிறார்கள். அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்து நடுவழியாகப் பின்னால் நடந்து வருகிறார். என்னைத் தாண்டிப் போய் அருளப்பன் முன்னால் நின்றார்.

"அருளு, அது ரெண்டு பனைடா. போய்ப் பாத்தேன்."

அருளப்பன் கூப்பிய கையை இறக்கவில்லை. "நான் அன்னிக்குக் குடிக்கலடா சூசை."

"தெரியும்டா. அன்னிக்கே தெரியும்."

பாட்டு ஆரம்பித்துவிட்டது. அண்ணன் தன் இடத்துக்குத் திரும்பவில்லை.

9 பிப்., திங்கள்

பனி. மீஞ்சூருக்கு மூன்று டிக்கெட். வரப்பில் அவர்கள் இரண்டு பேரும் முன்னால், டீ ஃப்ளாஸ்க்கோடு நான் பின்னால். இரண்டில் எந்தப் பனை உயரம் என்று சண்டை. "கண்ணு போச்சாடா உனுக்கு?" "உனுக்குத்தான்டா போச்சு!" ஆட்டுக்கார அம்மா நின்று வேடிக்கை பார்த்தார். அண்ணன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருக்கிறார்.

எனக்குத்தான் கால் வலி.