முழங்காலுக்குத் தேய்மானம் கிடையாது

3.4.1963

பாங்கில் கடன் இல்லையாம். தேகப்பயிற்சிக் கொட்டிலுக்குப் புதுப் பார இரும்பு வாங்க முந்நூறு ரூபாய்தான் கேட்டேன். "கணக்கு எங்க மாஸ்டர்?" என்றார் மனேச்சர். எல்லாம் என் தலைக்குள் இருக்கு என்றேன். "அப்ப தலையை வச்சிட்டுப் போங்க, பாத்திட்டுத் தாறன்" என்கிறார். நல்ல பதில் ஒன்று வாயில் வந்தது. அவருடையது பயிற்சிக்குச் சேரக்கூடிய உடம்பு என்பதால் விழுங்கிவிட்டேன்.

என் அக்கா ஜோசப்பின்தான் வழி சொன்னா. நெல் ஆலைக் கந்தோரில் கணக்கெழுதுகிற ஞானமலர் மிஸ், பின்னேரங்களில் கடைக்காரர்களுக்கு வரித் தாள் நிரப்பிக் கொடுக்கிறாவாம். போனேன். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு இந்தக் கொப்பியைத் தந்தா. இருநூறு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தன் கையால் இலக்கம் போட்டிருக்கிறா.

சட்டம் மூன்று. பக்கம் கிழிக்கக் கூடாது. பிழை வந்தால் அழிக்கக் கூடாது, ஒரு கோட்டால் வெட்ட வேணும், வெட்டினது வாசிக்கத் தெரிய வேணும். மாதம் முடிய அவ வந்து பார்ப்பா. உண்மை என்று கண்டதுக்குச் சிவப்பு மையால் சரி, சந்தேகத்துக்குக் கேள்விக்குறி.

"வலப்பக்கம் காசை எழுதுங்க. இடப்பக்கம் உங்கட இஷ்டம், நான் பாக்கமாட்டன்" என்றா.

இது இடப்பக்கம்.

9.4.1963

மாணவர் பதினொரு பேர். காசு தந்தவர் ஒருவர் — காத்தான்குடித் துணிக்கடை அசனார் முதலாளி. அவர் வயிறு குறையவில்லை, ஆனால் ஐந்து ரூபாய் தேதி தவறாது. வெல்லாவெளி இளையதம்பி வயல் வட்டையில் வெட்டு முடியத்தான் தருவாராம், அதுவும் நெல்லாய். மற்றவர்கள் "மறுகா தாறன் மாஸ்டர்" என்கிறார்கள். மறுகா என்பது எத்தனையாம் தேதி? வலப்பக்கத்தில் அதற்கு ஒரு கோடும் இல்லை.

30.4.1963

முதல் கணக்குப் பார்வை. கொட்டிலுக்கே வந்தா. இருக்கக் கதிரை இல்லை, பெட்டியைத் துடைத்துப் போட்டேன்.

முட்டைக்கெல்லாம் கேள்விக்குறி. நாளுக்கு ஆறு, மாதம் நூற்றியெண்பது.

"இது ஆர் சாப்பிட்டது?"

"நான்தான்."

"அப்ப வீட்டுச் செலவு மாஸ்டர். தொழில் செலவில கழிக்க ஏலா."

நான் விடுவேனா? "மிஸ், அசனார் முதலாளிட கடைக்கு முன்னால பலகை தொங்குது. அதுக்குப் பூசின பெயின்ற் கடைச் செலவுதானே? என்ட கடைக்குப் பலகை இந்த உடம்பு. முட்டைதான் பெயின்ற்."

பேனையைக் கேள்விக்குறிக்கு மேல் கொண்டுபோனா. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். "பலகை பெயின்றைச் செமிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டா.

இரும்புக்குத் தேய்மானம் கழிக்கலாமாம். பாவிக்கப் பாவிக்கப் பெறுமதி குறைகிறதாம், வருசா வருசம் கொஞ்சம் கழிக்கலாமாம். அப்படியானால் என் இடது முழங்கால்? பதினெட்டு வருசம் பாரம் தூக்கப் பாவித்திருக்கிறேன். குந்தி எழும்பும்போது ஆட்டுக்கல் சத்தம் கேட்கிறது.

"முழங்கால் காசு குடுத்து வாங்கினதா?"

"இல்ல."

"அப்ப தேய்மானம் கிடையாது."

சிரித்தா என்று நினைக்கிறேன். தலை குனிந்திருந்ததால் தெரியவில்லை.

18.5.1963

முட்டை ஆறு என்று வலப்பக்கம் எழுதினேன். எட்டு.

2.6.1963

விளம்பர நோட்டீஸ் அடித்து வந்தாயிற்று. 'கொழும்பு ஆணழகன் போட்டியில் பரிசு பெற்ற நோபேட் மாஸ்டர். முந்நூறு மாணவர்கள் பயிலும் தேகப்பயிற்சி நிலையம்.' தொடங்கின நாள் முதல் எட்டிப் பார்த்தவன், வழி கேட்டு வந்தவன் எல்லாரையும் சேர்த்தால் நூறு வரும். அச்சுக்கூடக்காரர்தான், நூறு என்றால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டினம் என்றார். எண்ணிக்கை கூடினதற்கு அவர் மேலதிகக் காசு கேட்கவில்லை.

16.6.1963

ஞாயிறு. வாழைச்சேனையில் ஆலைத் தொழிலாளர் ஆறு பேருக்குப் பயிற்சி. இரண்டு பேர் இரவு வேலை முடிந்து வந்தவர்கள், பாய் விரித்து மல்லாக்கப் படுக்கச் சொன்னதும் நித்திரையாகிவிட்டார்கள்.

போகும்போது ரயில் கோச்சியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஏறாவூரில் ஒரு பெரிய மனிதர் ஏறினார். வயிறு முதலில் ஏறியது, பிறகு அவர். எனக்கு முன்னால் இருந்தார். கடவுள் அனுப்பின ஆள் என்று நோட்டீஸ் ஒன்றை நீட்டினேன்.

"முந்நூறு பேருமா?" என்று கேட்டார்.

"முந்நூறுக்கு மேல ஐயா. மாதம் ஐஞ்சு ரூபா, முன்பணம். ஒருத்தரும் தவணை தப்புறதில்ல."

எங்கே இருக்கிறேன், எந்த வருசம் தொடங்கினேன், கொட்டில் சொந்தமா என்றெல்லாம் அக்கறையாய்க் கேட்டார். வாழைச்சேனை வரைக்கும் கதைத்தேன். கடைசியில் நோட்டீசை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். என் நோட்டீசில் கடலை சுற்றியவர்களைத்தான் கண்டிருக்கிறேன். இப்படி மரியாதையாய் மடித்தவரை இன்றைக்குத்தான் கண்டேன். நிச்சயம் சேருவார்.

2.8.1963

அசனார் முதலாளி இன்றைக்குப் பரிசைக் காட்டச் சொன்னார். வீட்டில் பூட்டின அலுமாரிக்குள் இருக்கு, திறப்பு அக்காவிடம் என்றேன்.

சரி. இடப்பக்கம்தானே, எழுதினால் என்ன? போட்டிக்குப் போனது உண்மை. எண்ணெய் பூசி நின்றதும் உண்மை. பெயர் கூப்பிட்டபோது கால் இரண்டும் மேடையேற மறுத்துவிட்டது. திரைக்குப் பின்னாலேயே குந்திவிட்டேன். வெளிக்கிட்டு வரும்போது வாசலில் நின்றவர் எல்லாருக்கும் ஒவ்வொரு துவாய் கொடுத்தார். அதுதான் பரிசு. எண்ணெய் துடைக்கத் தந்தது.

பதினாறு வருசமாய் இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் இல்லை.

31.10.1963

மிஸ் வந்தா. ஒரு மணித்தியாலம் இருந்தா. கதிரை வாங்கியிருக்கிறேன் — ஏழு ரூபாய். "இது என்னத்துக்கு?" என்று கேட்டா. கணக்குப் பார்க்க என்றேன். தொழில் செலவு, சரி போட்டா. போன பிறகும் கதிரையைச் சுவர்ப்பக்கம் தள்ளி வைக்க மனம் வரவில்லை.

மாத முடிவு மாதத்தில் ஒருக்காத்தான் வருகுது. அது காணாது, இன்னும் வேணும்.

மேலே உள்ள வரியை ஒரு கோட்டால் வெட்டியிருக்கிறேன். சட்டப்படி.

1.3.1964

இளையதம்பி வெல்லாவெளியிலிருந்து ஒரு சாக்கு நெல்லும் மூன்று சட்டி தயிரும் கொண்டு வந்தார். பஸ்ஸில் ஒரு சட்டி உடைந்து நடத்துனரின் சப்பாத்துக்குள் போய்விட்டது. போன தயிர் வரவா, செலவா? மிஸ்ஸிடம் கேட்க வேணும்.

22.5.1964

 

வருமான வரிக் கடதாசி வந்திருக்கு. முந்நூறு மாணவர், ஐந்து ரூபாய், பன்னிரண்டு மாதம் — என் வருச வருமானம் பதினெட்டாயிரமாம். வரி இரண்டாயிரத்து நானூறு. கடதாசியோடு என் நோட்டீசின் பிரதி ஒன்று. கீழே ஒப்பம்: வல்லிபுரம், வரி உத்தியோகத்தர்.

கோச்சிப் பெரியவர். வேறு ஆர்? நாலாய் மடித்தாரே, நாலாய். நான்தானே வாயால் அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

இரண்டாயிரத்து நானூறுக்கு எங்கே போவேன்? வீடு அக்காவுடையது. எங்கட வழக்கம் அதுதானே, வீடு பொம்பிளப்பிள்ளைக்கு. எனக்கென்று அப்பா விட்டது இந்தக் கொட்டில் நிற்கிற துண்டு நிலம் ஒன்றுதான். அதை வித்தால் நான் ஆர்? முப்பத்தெட்டு வயதில் எட்டு முட்டை தின்கிற சும்மா ஆள்.

23.5.1964

மிஸ்ஸிடம் ஓடினேன். கடதாசியை இரண்டு தரம் வாசித்தா. நோட்டீசை ஒரு தரம். "முந்நூறு?" என்றா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஆட்சேபிக்கலாமாம். விசாரணைக்குக் கூப்பிடுவினமாம். "கொப்பி இருக்கு மாஸ்டர், பயப்படாதீங்க. அதுதான் சாட்சி."

"வலப்பக்கத்த மட்டும் எழுதி எடுத்துக் கொண்டு போவமா?"

"கொப்பி முழுசாத்தான் போகும்."

"ஒரு நாலஞ்சு பக்கம் மட்டும் —"

"பக்கம் கிழிஞ்ச கொப்பிய ஆரும் நம்பமாட்டினம். இலக்கம் நான்தான் போட்டன், நினைவிருக்கா?"

எனக்கு நினைவிருக்கு. துவாய் எழுபத்திரண்டாம் பக்கம். வயிறு ஐம்பத்தெட்டு. அது — வெட்டினது — நூற்றிரண்டு.

7.6.1964

விசாரணைக் கடதாசி வந்து இரண்டு நாளாய் நித்திரை இல்லை. கொட்டிலா, மானமா? கொட்டில் போனால் ஊர் ஒரு மாதம் கதைக்கும். துவாய்க் கதை வெளியே வந்தால் சாகும் மட்டும் கதைக்கும். அக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னத்தை எழுதித் துலைச்சாய் தம்பி?" என்று கேட்டா. உண்மையை என்றேன். "அப்ப என்னத்துக்குப் பயம்?" என்றா. அவவுக்கு என்ன தெரியும்.

9.6.1964

விசாரணை. இருந்து முழுதாய் எழுத வேணும்.

அவர்தான். மேசையில் என் நோட்டீஸ், அதே நாலு மடிப்போடு. ஞானமலர் மிஸ் கொப்பியை முன்னால் வைத்து, "பதினொரு மாணவர் ஐயா. நெல், தயிர், இறால் எல்லாத்துக்கும் விலை போட்டுச் சேத்தும் வருசத்துக்கு எழுநூறு தாண்டேல்ல" என்றா. குரல் நடுங்கவில்லை. எனக்கு மேடை நினைவு வந்தது.

வல்லிபுரம் ஐயா வலப்பக்கம் பார்த்தார். பிறகு இடப்பக்கம் பார்த்தார். பிறகு இடப்பக்கம் மட்டுமே பார்த்தார். ஐம்பத்தெட்டில் நிறுத்தி உரக்க வாசித்தார்: "வயிறு முதலில் ஏறியது, பிறகு அவர்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"இது நானா?"

"ஓம் ஐயா."

வேறு என்ன சொல்ல? கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். மேசை ஆடி மைக்கூடு நகர்ந்தது. பிறகு மே மாதப் பக்கத்துக்குத் திரும்பினார். "எட்டு முட்டை திண்டிட்டு ஆறெண்டு எழுதியிருக்கிறீங்க. செலவைக் குறைச்சு எழுதின மனிசனை நான் இந்த உத்தியோகத்தில இண்டைக்குத்தான் காணுறன்."

எழுபத்திரண்டில் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தத் துவாய் இன்னும் இருக்கா?" என்று மெதுவாய்க் கேட்டார். இருக்கு ஐயா என்றேன். தலையாட்டினார்.  அந்த மனிதரை அந்த நேரம் எனக்குப் பிடித்துவிட்டது.

கடைசியில் சொன்னார்: "வலப்பக்கத்தை ஆரும் சோடிக்கலாம். இடப்பக்கத்தை இப்படிச் சோடிக்க ஒருத்தனுக்கும் மனம் வராது. நான் இதை நம்பித்தான் தீர்ப்பெழுதப் போறன். ஆனா இதில ஒரு சிவப்புச் சரியும் இல்லையே மிஸ். ஒரு கிழமை தாறன். இடப்பக்கத்தையும் வாசிச்சு, உங்களுக்குத் தெரிஞ்ச உண்மைக்குச் சரி போட்டுக் கொண்டு வாங்க."

மிஸ் என்னைப் பார்த்தா. நான் மின்விசிறியைப் பார்த்தேன். இதை எழுதி முடித்ததும் கொப்பியை அவவிடம் கொடுக்க வேணும். வாசலில் நிற்கிறா. நூற்றிரண்டாம் பக்கமும் சேர்ந்துதான் போகுது.

17.6.1964

எட்டு நாள் எழுதக் கொப்பி இல்லை. எட்டு நாளும் முட்டை இறங்கவில்லை. அக்கா வைத்தியரிடம் போகச் சொன்னா.

இன்றைக்குக் கச்சேரி வரிக் கந்தோரில் கடதாசி தந்தார்கள். வரி இல்லை. என் வருமானம் வரி எல்லைக்குக் கிட்டவும் போகவில்லையாம். கொட்டில் தப்பிவிட்டது. வீதியில் வரும்போது சந்தோசமாய் இருந்தது, வீடு வர வர வெட்கமாய் இருந்தது. வரி கட்டவும் வக்கில்லாதவன் என்று அரசாங்கமே முத்திரை குத்தித் தந்திருக்கு. அக்கா வாசித்துவிட்டு, "கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில மாட்டிப்போடாத, மடிச்சு வை" என்றா.

கொப்பியும் வந்தது. கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். பாங்கு மனேச்சர்: சரி. பெயின்ற்: கேள்விக்குறி, இரண்டு. முழங்கால்: சரி — ஆட்டுக்கல் சத்தம் அவவுக்கும் கேட்டிருக்கு. முந்நூறு மாணவர்: கேள்விக்குறி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. துவாய்: சரி. அதுக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு வரி: 'மேடை வரைக்கும் போனதும் உண்மை.' அதைப் படித்துவிட்டு அழுதேன். முப்பத்தொன்பது ஆகப்போகிற ஆள், பாரம் தூக்கும் கம்பியில் சாய்ந்து நின்று அழுதேன்.

நூற்றிரண்டாம் பக்கத்தைக் கடைசியாய்த்தான் திறந்தேன். வெட்டின வரி. வெட்டினதும் வாசிக்கத் தெரிய வேணும், அவவின் சட்டம்தானே.

சிவப்புச் சரி. சின்னது. வெளிச்சத்தில் பிடித்து நாலு தரம் பார்த்தேன்.

7.7.1964

வல்லிபுரம் ஐயா சேர்ந்துவிட்டார். ஐந்து ரூபாய் முன்பணம். ரசீது கேட்டு வாங்கி நாலாய் மடித்து வைத்தார். முதல் நாளே பாயில் படுத்து எழும்ப மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மாணவர் பன்னிரண்டு.

பின்னேரம் ஞானமலர் கணக்குப் பார்க்க வந்தா. கதிரையில் இருந்தா, கொப்பியைத் திறந்தா. பார்க்க ஒன்றும் பெரிதாய் இல்லை. மாதம் முடிய இன்னும் இருபத்திநாலு நாள் இருக்கு.